அணைக்காத கற்பூரம்

ஊர்ச் சண்டைகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்துவைக்கும் இணக்கசபையில் எழுத்தர் வேலை என்பது பிறருடைய கோபத்தைத் திருத்தமான கையெழுத்தில் எழுதும் வேலை. அதைச் செய்தவர்களுக்கு என் அவதி விளங்கும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஒரு சொல் பிழைத்தாலும் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே எழுதினேன்.

பட்டியில்

இதை நான் பார்க்கவில்லை. சபையின் அழைப்புக் கடிதங்களைக் கொண்டுபோகும் சின்னத்துரை சொன்னது. குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் பெற்ற விதவை அன்னம்மாக்கா. அவருடைய உழவு எருதுகள் இரண்டில் ஒன்று காணாமல் போனது. ஒற்றை மாட்டால் உழ முடியாது. விதைக்காமல் விட்டால் அரசாங்கம் காணியைத் திருப்பி எடுத்துவிடும். தேடிப் போனவர் அதை அயலவர் கந்தவனத்தின் மாட்டுப்பட்டியில் கண்டார். தோலில் பழைய சூட்டுக் குறிக்கு மேலே புதுக் குறி சுட்டிருந்தது. கந்தவனம் சிரித்தாராம்: "அக்கா, கறுத்த மாடெல்லாம் உங்கட மாடெண்டால் நாங்கள் எங்கை போறது?"

சபையில்

அன்னம்மாக்கா சபையில் முறைப்பாடு கொடுத்தார். தலைவர் காசிம், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன்; தண்ணீரூற்று என்ற ஊரில் வியாபாரி. எருதைக் கொண்டுவரச் செய்து பார்த்தார். குறிகள் கலந்துபோய் ஒன்றும் தெரியவில்லை. சட்டம் தெரிந்தவன்போல நான் வாயைத் திறந்தேன்: மாட்டுக்கு உரிமைத் துண்டு ஏதும் இருக்கிறதா?

அன்னம்மாக்கா என்னைப் பார்த்தார். "என்ர வளவில பிறந்த கன்றுக்கு ஆர் தம்பி துண்டு எழுதித் தாறது? அதின்ர தாயோ?"

வெள்ளிக்கிழமை

அம்மன் கோவிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று கந்தவனமே சொன்னார். செய்தால் எருது அவருக்கு. பொய்ச் சத்தியம் என்றால் அது பிள்ளைகளைப் பிடிக்கும் என்று ஊர் நம்பியது. இரு தரப்பும் சம்மதித்தன.

கந்தவனம் ஈர வேட்டியோடு, தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னவளுக்கு நான்கு வயதுகூட இராது. கற்பூரம் எரிந்தது. அவர் கையை நீட்ட, அன்னம்மாக்கா குறுக்கே வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எடு கையை. மாட்டை நீயே வைச்சிரு. உன்ர பொய்க்கு இதுகள் படுறதைப் பார்க்க என்னாலை ஏலாது."

காரணம்

"முறைப்பாடு வாபஸ்" என்று படிவத்தில் எழுதினேன். அடுத்த வரி காரணம் கேட்டது. அன்னம்மாக்காதான் பொய் சொன்னவர் என்று அதற்குள் ஊரில் கதை கிளம்பியிருந்தது. வெறுமையாக விட்டால் அந்தக் கதைக்கு நானும் துணை. காக்காவிடம் கேட்டேன்.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ, தம்பி. இடம் காணாட்டில் பின்பக்கத்திலையும் எழுதுங்கோ."

அன்னம்மாக்காவின் காணி என்ன ஆயிற்று என்று பிறகு குடியேற்ற அலுவலரிடம் விசாரித்துப் பார்த்தேன். அந்த மாரிமழைக் காலத்தில் கந்தவனம் அதே எருதைக் கொண்டுவந்து, அன்னம்மாக்காவின் மற்ற எருதோடு பிணைத்து, மூன்று ஏக்கரையும் தானே உழுது கொடுத்திருந்தார். எங்கள் பதிவேட்டில் அது இன்னும் இணக்கம் காணாத வழக்குகளின் கணக்கிலேயே கிடக்கிறது.