வளைந்த தட்டும் வயிறு வைத்த அட்டையும்

நேற்று மதியம் கூரியர்க்காரத் தம்பி ஒரு சதுரப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் பிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இது பெரிய செய்தி. வழக்கமாக இப்படி ஒரு பெட்டி வந்தால் கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுமை இருக்காது. பல்லால் கடித்துப் பிரித்து, முதல் காரியமாக உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்ப்பேன். என் மனைவி வசந்தா தலையில் அடித்துக்கொள்வாள். நேற்று அவளே பயந்துவிட்டாள்.

"என்னங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? பொட்டி அப்பிடியே கெடக்கு?"

உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். ஓர் ஆங்கில ராக் குழுவின் பழைய இசைத்தட்டு. அதே தட்டு அலமாரியில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. குழுவின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடக் கிளம்பி விலையை ஏற்றிவிடுவீர்கள். பாட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அச்சடித்த நாடும் ஆலையும்தான் வேறு. இங்கிலாந்தில் அடித்தது கையில் கனமாக இருக்கும். ஜப்பானில் அடித்ததற்கு அட்டை ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும், அது கிழிந்திருந்தால் மதிப்பு போயிற்று. நம் நாட்டில் அடித்தது மெலிசு, நடு வட்டத்தின் நிறமே வேறு. பாட்டு முடிந்து முள் சும்மா சுற்றுகிற இடத்தில் ஊசியால் கீறின மாதிரி சில எழுத்துகள் இருக்கும். அதை லென்ஸ் வைத்துப் படித்தால் தட்டு முதல் ஈடா, கடைசி ஈடா என்று சொல்லிவிடலாம்.

"ஒரே கொழம்பப் பதினோரு கிண்ணத்துல ஊத்தி வச்சிருக்கீங்க" என்பாள் வசந்தா. ஒரே செடியின் காயைப் பெரிசு, சிறிசு, பச்சை, வெளுப்பு என்று சலித்துப் பிரித்து ஏலம் விடுகிற போடியில் பிறந்தவள் அவள். இந்த ஊர்க்காரி இப்படிக் கேட்கலாமா? நான் அதைச் சொன்னால், "ஏலக்காயத் திங்கலாம்" என்று முடித்துவிடுவாள்.

முகர்ந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. என்னிடம் அந்த ராக் தட்டின் அட்டை ஒன்று ரொம்ப வருஷமாகத் தனியாகக் கிடந்தது. தட்டு இல்லை, வெறும் அட்டை. காய்ந்த கோதுமை வயலில் ஒரு மஞ்சள் படகு கவிழ்ந்து கிடக்கும் படம் போட்டது. அதைத் திறந்தால் இன்றைக்கும் லேசாக ஏலக்காயும் விறகுப் புகையும் மணக்கும். அதன் ஒரு பக்கம் மட்டும் உப்பி, நன்றாகச் சாப்பிட்டவன் வயிறு மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. என்னோடு அதே வேலைக்கு வந்தவன் தனபால், போடிக்குப் பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரன். இரண்டு பேருக்கும் தகரக் கூரை போட்ட ஒரே அறை. மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. போர்வையிலிருந்து தீப்பெட்டி வரை எல்லாம் நமுத்துப்போகும். மலையில் அதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான், ஸ்டோர். பச்சைக் காயை உலர்த்தும் அறைக்கு அந்தப் பேர். வெளியே விறகு எரியும், உள்ளே தகரக் குழாய் வழியாகச் சூடு ஓடும். காய் பரப்பிய சட்டங்களுக்கு மேலே எங்கள் ஸ்வெட்டர் தொங்கும், தோட்டத்துப் பிள்ளைகளின் பாடப் புத்தகம் காயும். விடுமுறையில் போடிக்கு இறங்கி பஸ்சில் உட்கார்ந்தால், பக்கத்து ஆள் பாயச ஞாபகத்தோடு எங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த உயரத்தில் ரேடியோவில் எந்தெந்த நாட்டுப் பாட்டெல்லாமோ விழும். அப்படி ஒருநாள் விழுந்த பாட்டுக்குத்தான் தனபால் பைத்தியமானான். அரைகுறையாகக் காதில் விழுந்த குழுவின் பேரைக் கையில் எழுதி வைத்துக்கொண்டான். மதுரைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அந்தத் தட்டை வாங்கிவிட்டான். பாட்டரியில் ஓடும் பழைய பிளேயர் ஒன்றை நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். அவன் திரும்பி வந்த அன்று மலையில் கொட்டு கொட்டென்று மழை. ஜீப்பின் பின்னால் ஆட்களோடு தொங்கிக்கொண்டு வந்தவன், தட்டைச் சட்டைக்குள் வைத்து மூடியிருக்கிறான். சட்டையே நனைந்தால் என்ன செய்வது?

"மாப்ளே, அட்டை ஊறிப்போச்சுடா. ஸ்டோர்ல வச்சுட்டு வெரசா வந்துர்றேன்" என்று அப்படியே ஓடினான். உள்ளே இருந்த தட்டை வெளியே எடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நனைந்த எதையும் அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் எங்கள் பழக்கம்.

காலையில் போய்ப் பார்த்தால் அட்டை மொறுமொறுவென்று காய்ந்து கமகமவென்று மணந்தது. தட்டின் ஓரம் மட்டும் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்டோரில் தீ பார்க்கும் குஞ்ஞுமோன் சேட்டன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதெந்தாடா, பப்படமோ?" என்று கேட்டார். தனபால் அழுதேவிட்டான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று அழுதான்.

போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன். முள் துள்ளாமலிருக்க அதன் கைமேல் ஒரு எட்டணாவை வைத்தேன். முள், போடிமெட்டு ஏறுகிற ஜீப்பு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. பாட்டும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. முதல் பாட்டின் மூன்றாவது வரியில் அந்தப் பாடகனின் குரல் திடீரென்று சரிந்து, விழப்போய், சமாளித்துக்கொண்டு எழும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"டேய், தட்டுக்கு ஒண்ணும் ஆகலடா. வெள்ளக்காரன் இழுவையே இப்பிடித்தான்" என்றேன்.

அவனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அதை நம்பிவிட்டது நான்தான். மழை மழையாக, பனி பனியாக அந்தப் பாட்டைக் கேட்டோம். மூன்றாவது வரி வரும்போது இரண்டு பேர் தலையும் தானாக ஒரு பக்கம் சாயும். அப்போது எங்களுக்கு மீசையும் பசியும் தவிர வேறு சொத்து இல்லை. அவ்வளவு சந்தோஷமாக அதற்கப்புறம் நான் இருந்ததில்லை என்று சொன்னால் வசந்தா கோபித்துக்கொள்வாள், ஆனாலும் அதுதான் உண்மை.

தோட்டம் கைமாறியதும் எங்கள் வேலை போனது. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான், நான் போடியில் ஏலக்காய்க் கடைக்கு வந்தேன். தட்டு யாருக்கு என்று கடைசி நாள் முழுக்கப் பேசினோம். ஆளுக்கு ஒன்று என்று முடிவானது. அவனுக்குத் தட்டு, எனக்கு அட்டை. இரண்டையும் சேர்க்கவாவது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு கணக்கு. அதற்குப் பிறகு ஃபோனில் பேசும்போதெல்லாம், "அட்டைய எப்படா குடுப்ப?" என்பான். "தட்டக் கொண்டா, வாங்கிட்டுப் போ" என்பேன். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டோம். யாரும் எதையும் கொண்டுவரவில்லை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கரண்டில் ஓடும் பிளேயரும் அதே தட்டில் இன்னொன்றும் வாங்கினேன். மூன்றாவது வரி தார் ரோடு மாதிரி நேராகப் போனது. மட்டமான அச்சு என்று திட்டிவிட்டு இங்கிலாந்து அச்சை வரவழைத்தேன். அதுவும் நேர். ஜெர்மனி, ஜப்பான், எல்லாம் நேர். இத்தனை நாட்டு ஆலைக்காரர்களும் கூடிப் பேசி என்னை ஏமாற்றுவதாகவே நினைத்தேன். ஒரு சாயங்காலம் கரண்ட் குறைந்து தட்டு மெதுவாகச் சுற்றியபோது, பாட்டு சரிந்தது. சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடினேன். கரண்ட் சரியானதும் பாட்டும் நிமிர்ந்துவிட்டது. பல்பு பிரகாசமாக எரிந்ததும்தான் எனக்கும் உறைத்தது. அந்த இழுவை பாடகனுடையது அல்ல, எங்கள் ஸ்டோருடையது.

தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆசைக்கு அது தெரியவில்லையே. பழைய தட்டு விற்பவர்களிடம், "வளைஞ்சது எதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். கிண்டல் செய்கிறேன் என்று ஃபோனை வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் அனுப்பினார். அது வேறெங்கெங்கோ வளைந்து, வேறெங்கெங்கோ அழுதது. எங்கள் இடத்தில் அழவில்லை.

போன வாரம் தனபால் ரயிலில் வந்து இறங்கினான். தேவாரத்தில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் துணி சுற்றிய தட்டு.

"கொண்டாந்துட்டேன் மாப்ளே. எடு அட்டைய."

துணியைப் பிரித்தேன். தட்டு கண்ணாடி போல மட்டமாக இருந்தது.

"எப்பிடிச் சரியாச்சு தெரியுமா? கம்பெனில அயர்ன் மேசையில, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு, லேசாச் சூடு காட்டி, மேல வெயிட்ட ஏத்தி... ஒரு மாசம் மெனக்கெட்டேன்டா. ஸ்டோர்ல வச்சு நாந்தானே கெடுத்தேன். ஒரு நல்ல பாட்ட ஒன்னக் கேக்கவிடாமப் பண்ணிட்டேன்னு இத்தன வருசமா மனசுல முள்ளாவே கெடந்துச்சு."

நான் அந்த இழுவையைத் தேடித்தான் அலைகிறேன் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தட்டை அட்டைக்குள் போட்டேன். அந்தக் காலத்தில் அமுக்கித் திணிக்க வேண்டியிருக்கும். இப்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், உப்பின இடத்தில் லொடலொடவென்று ஆடியது. வெளியே எடுத்துப் பிளேயரில் வைத்தேன். தனபால் நாற்காலி நுனிக்கு வந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல என் முகத்தையே பார்த்தான்.

தட்டு சுத்தமாக, நேராகப் பாடியது.

"அருமையா இருக்கு மாப்ளே" என்றேன்.

மூன்றாவது வரி வந்தது. என் தலை சாயாமலிருக்க நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். அவன் தலை சாய்ந்துவிட்டது. குரல் சரியவில்லை, நேராகத் தாண்டிப் போனது. சாய்ந்த தலை சாய்ந்தபடியே இருக்க, தனபால் என்னைப் பார்த்தான்.

"மாப்ளே, அந்த எடத்துல ஒண்ணு வருமேடா..."

வரும் என்றேன். "திரும்ப ஸ்டோர்ல வச்சா?" என்று அவனே கேட்டு, அவனே இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டான். அந்த ஸ்டோரை இடித்துவிட்டு மலையைப் பார்க்க வருபவர்களுக்கு அறைகள் கட்டியிருக்கிறார்கள். குஞ்ஞுமோன் சேட்டன் இல்லை. மற்றத் தோட்டங்களில் இப்போது காயை மெஷின் உலர்த்துகிறது, சூடு இம்மி கூடினாலும் தானே அணைந்துகொள்கிறது. யாருடைய ஸ்வெட்டரும் அங்கே காய்வதில்லை.

தனபால் தட்டையும் அட்டையையும் சேர்த்து என்னிடமே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இனிமேல் ஃபோனில் கேட்பதற்கு அவனுக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. கூரியர் பெட்டி மேசைமேல் இருக்கிறது. அவன் வருவதற்கு முன்னால் சொல்லிவைத்தது அது. பிரித்தால் அதுவும் நேராகத்தான் பாடும்.