பதினாறு கட்டம்

நிலக்கோட்டையில் பூ விற்கும் செல்வியக்கா திருவிழாவில் பாடுவார். லேப்டாப்பில் தாளம் அமைப்பது நான். ஒத்திகையில் பாட்டு தாளத்தைவிட்டு விலகியது. "தாளமே வராதாக்கா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மேடையிலும் அதேதான். கூட்டம் சிரித்தது. அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். அவர் பாட்டு ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை; திரையில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். இரண்டு சுற்றுக்குப் பதினாலு கட்டம் போதும். வழக்கம்போலப் பதினாறு விட்டிருந்தேன். கடைசி இரண்டு காலிக் கட்டங்கள்தான் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவரை இடறிவிட்டன. நிறுத்தினால் மானம் போகும், ஓடவும் வழியில்லை.

அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"மிஷினு செத்த நேரம் இளைப்பாறட்டும். நீங்க கைதட்டுங்கப்பு" என்றார் மைக்கில். தாளத்தை நிறுத்தினேன். அவர் கைதட்டிக் காட்டிப் பாட, கூட்டம் ஏழு ஏழாகத் தட்டியது.

எல்லார் முன்னாலும் திட்டிய நான், மேடைக்குப் பின்னால் நின்ற வேன் மறைவில்தான் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கோழைத்தனம்தான் இன்னும் அறுக்கிறது.