எந்த ஏழுமலை?

எங்கள் ஊரில் ஏழுமலை என்று கூப்பிட்டால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெருமாள் கோயில் ஊர். தலைச்சன் பிள்ளைக்கு வேறு பெயர் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஒரு பயம். என் அப்பா ஏழுமலை. அப்பாவின் சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை, அவரும் ஏழுமலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு வழக்கு ஓடிக்கொண்டிருந்ததால் இந்த இரண்டு ஏழுமலையும் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு எட்டு வயது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம். சங்கராபுரம் சாலையில் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு ஏகக் கொண்டாட்டம். அப்பா மட்டும் ஊரில் இல்லை. உப்பும் கருவாடும் எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போயிருந்தார். அவற்றைக் கொடுத்து வெள்ளிமலைப் பக்கம் பழக்கமான குடும்பங்களிடம் சாமையும் கடுக்காயும் வாங்கி வருவது அவர் வழக்கம். பஸ் இல்லாததால் நடந்தே இறங்கி, மூன்றாம் நாள் காலையில் கால் வீங்கி ஊர் வந்து சேர்ந்தார். எனக்கு மலைப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தார்.

அன்றைக்கே போலீஸ் வேன் வந்தது. மரத்தை இழுக்கும்போது கூட்டத்தில் யாரோ "ஏழுமல, இழுடா!" என்று கத்தியது ஒரு போலீஸ்காரர் காதில் விழுந்திருக்கிறது. தகப்பன் பெயர் தெரியாது, வீடு தெரியாது. டீக்கடையில் நின்று, "ஏழுமலை யாருய்யா?" என்றார்கள். அங்கே மூன்று ஏழுமலைகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த என் அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, "நாந்தாங்க" என்றார்.

அம்மா தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "பேரு கேட்டா, எந்த ஏழுமலன்னு திருப்பிக் கேக்கத் தெரியாதா இந்த மனுசனுக்கு! கூப்ட்ட ஒடனே எந்திரிச்சி நிக்கறாரே!" ஊரே அதைத்தான் சொன்னது. எனக்கும் அதுதான் பட்டது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவசரப்பட்டு அடுத்தவன் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடும் மக்குப் பையன் மாதிரி என் அப்பா மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

மரம் வெட்டியதாக ஜெயிலில் போட்ட எல்லோரையும் பதினைந்து நாள் கழித்துக் கூண்டோடு ஜாமீனில் விட்டார்கள். வந்த அப்பாவை நான் விடவே இல்லை. கிணற்றடிக்குக் குளிக்கப் போனாலும் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன். அதனால்தான், சம்மன் வந்து அப்பாவும் அம்மாவும் வக்கீல் வைக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது, என்னையும் அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

முதலில் எங்கள் வரப்பு வழக்கு வக்கீலிடம் போனோம். அவர் சம்மனைப் பார்த்துவிட்டு, "நான் சிவில். இதுக்குக் கிரிமினல் வக்கீல பாருங்க" என்றார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் இறங்கியதும் ஆரம்பித்துவிட்டாள். "இன்னாங்க இது, நாமளே ஒரு தப்பும் பண்ணாம மாட்டிக்கினு முழிக்கறோம். நல்ல வக்கீலா பாக்காம கிரிமினல் வக்கீல்கிட்டயா போறது?" அப்பாவுக்கும் அந்த வார்த்தை உறுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த வக்கீலின் அறைக்கு ஏறினோம். ஆள் பார்க்கத் தங்கமானவராக இருந்தார். எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார். கிரிமினல் இவ்வளவு மரியாதையாக இருப்பாரா என்று அம்மா என் காதில் கேட்டாள்.

வக்கீல் காகிதத்தைப் படித்தார். "மரம் வெட்டுன பதினாலாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊர்லதாங்க."

எந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் அப்பா மறுபடி ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லையோ, அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்கிறாரே! ஸ்டூலை விட்டு இறங்கி, "இல்ல சார், அப்பா மலைக்குப் போயிருந்தாரு! வெள்ளிமல! எனக்குப் பலாப்பழம் வாங்கியாந்தாரு! மலைல இருக்கறவங்கள வேணா கேளுங்க!" என்று கத்தினேன்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்டியா பாப்பா? சாட்சி இருக்குதா?" என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "கொழந்த பொய் சொல்லுதுங்க. மலைக்குப் போனது அதுக்கு மின்னாடி வாரம்" என்றார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அதுவரை யாரும் என்னைப் பொய் சொல்கிறேன் என்று சொன்னதில்லை. அதிலும் அப்பா! கறுப்புக் கோட்டுக்காரர் முன்னால்! அவமானத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. வக்கீல் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "சரி. நீங்க வெட்டுனேன்னும் எங்கிட்ட சொல்ல வேணாம், வெட்டலன்னும் சொல்ல வேணாம். உங்க ஊர்ல மொத்தம் எத்தினி ஏழுமலை?" என்று கேட்டார்.

வழக்கு இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவாக இழுத்தது. அதற்குள் சித்தப்பா போலீஸ் வேலை கிடைத்துப் பயிற்சிக்குப் போய்விட்டார். கடைசியில் வக்கீல், நீதிபதியிடம் அனுமதி வாங்கி, அப்பாவோடு சேர்த்து எங்கள் ஊர் ஏழுமலைகள் ஆறு பேரை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்க வைத்தாராம். 'மரத்தை இழுத்த ஏழுமலையைக் காட்டுங்கள்' என்றதும், சாட்சிக்கு வந்த போலீஸ்காரர் ரொம்ப யோசித்து, வேடிக்கை பார்க்க வந்து, வரிசையில் தடி ஊன்றிக்கொண்டு நின்ற எழுபது வயது ஏழுமலையைக் காட்டினாராம். வழக்கு அன்றோடு முடிந்தது. கிரிமினல் வக்கீல்தான் நல்ல வக்கீல் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான் கல்லூரி முடித்த வருஷம் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், அந்தப் பழைய பொய்யைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "மரத்த இழுத்தது உங்க சித்தப்பா. மலைல இருந்து வந்த காலையிலயே உங்கப்பாவுக்குத் தெரியும். சித்தப்பாவப் போலீஸ் வேலைக்கு எடுத்திருந்தாங்க, ஆர்டர் வரல. பேர்ல கேஸு இருந்தா குடுப்பானா? இவரு மலைல இருந்தாருன்னு ஆயிட்டா அடுத்த ஏழுமலயத் தேட மாட்டானா?"

"அப்போ நீ தெருவுல அடிச்சிக்கினு அழுதது?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? போலீஸ் நம்ப வேணாமா?"

சித்தப்பாவும் அப்பாவும் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை. வரப்பு வழக்கும் நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நான் அப்பாவின் மடியில் உட்கார மாட்டேன் என்று அம்மாவிடம் போய்விட்டேன். அப்பா எட்டி என் தலையில் கையை வைத்தார். தட்டிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வைத்தார். "பொய்யி சொல்றவர் தொட வேணாம்" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அப்பா கையை எடுத்துக்கொண்டார். ஊர் வரும் வரை அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முழங்கால் மேல் வைத்திருந்தார்.