உலைக் கழுத்தில் விட்டுப்போன சிற்றலை

உருக்காலையின் வடிவமைப்பு அறையில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். உலையின் செங்கல் சுவருக்குள் வெப்பம் எப்படிப் பரவும் என்று சமன்பாடு போட்டுக் கணினியில் கண்டுபிடிப்பது அவள் வேலை. சுவர் முழுக்க நெருக்கமாகப் புள்ளி வைத்துக் கணக்கிட்டால் விடை வர வாரக்கணக்காகும். அவளோ வெப்பத்தைப் பெரிய அலைகளாகவும் சிற்றலைகளாகவும் பிரித்து, ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவற்றைத் தள்ளிவிடுவாள். வெப்பம் சட்டென்று மாறும் இடத்தில் மட்டும் புள்ளிகள் நெருங்கி நிற்கும். மற்ற இடமெல்லாம் வெட்டவெளி. காலையில் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் விடை.

அந்த வரம்பை வைத்தவளும் அவள்தான். அவசரப்படவில்லை. "போதும்மா, அதுக்குள்ள உலையே துருப்பிடிச்சிடும்" என்று மேலாளர் கேலி செய்யும்வரை பழைய உலைகளின் அளவுகளோடு ஒப்பிட்டுச் சோதித்தாள்.

அக்காவின் கணவர் அங்கே உலை மேஸ்திரி. "பூனையை விட்டுட்டு மீசையை மட்டும் எண்ணுறியே!" என்பார்.

"மீசை இருக்கிற இடத்துலதானே மாமா பூனை இருக்கும்?"

ஒரு பிற்பகல் உலையின் குறுகலான கழுத்துப் பகுதி உடைந்தது. உருகிய இரும்பு மேடைமீது பாய்ந்தது. அடையாளம் காட்ட அவளைத்தான் அழைத்தார்கள். காலணியை வைத்துத்தான் மாமா என்று சொல்ல முடிந்தது.

செங்கல் மட்டமானது என்று விசாரணைக் குழு முடித்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகவே, எதையும் தள்ளாமல், அந்த உலைக்குத் தான் போட்ட பழைய கணக்கை மறுபடி ஓட்டினாள். கழுத்தில், இரு கற்களின் இணைப்புக்குப் பின்னால், நூல்போல ஒரு சூட்டுக்கோடு தெரிந்தது. தொடக்கத்தில் அது வரம்புக்குச் சற்றே கீழே இருந்ததால் தள்ளுபடியாகிவிட்டது. வளர்ந்தபோது அதைப் பார்க்க அங்கே புள்ளியே இல்லை.

மேலாளரிடம் காட்டினாள். "குழுவே முடிச்சிடுச்சு. வேலியில போற ஓணானை ஏம்மா மடியில விட்டுக்கிற?" என்றார்.

அக்காவிடம் போனாள். அக்கா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது என் கணக்குல தெரிஞ்சிருக்கணும்க்கா. நான் தள்ளினதுல போயிடுச்சு."

"தெரிஞ்சே தள்ளினியா?"

"இல்லக்கா. சின்னதுன்னு தள்ளினேன்."

அக்கா இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு சொன்னாள்: "பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதே. அப்பாதான் இல்ல, சித்தியாவது இருக்கட்டும்."

கழுத்துப் பகுதியில் எதையும் தள்ளாதபடி அவள் கணினி நிரலை மாற்றிவிட்டாள். விடை தாமதமாகத்தான் வருகிறது; மேலாளர் முணுமுணுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். அக்கா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.