எலிக்கடியும் பச்சைக் கோடும்

ரெய்னோ கங்காஸ் வேகத்தை நம்பாதவர். ஓய்வு பெறும்வரை மிச்சிகனின் மேல் முனையில் பனி வாரும் வண்டி ஓட்டினார். தனக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார்கள் வரிசையாக ஊர்ந்து வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதுதான் அந்த வேலையில் அவருக்குக் கிடைத்த ஒரே இன்பம் என்று அவர் மனைவி மார்லிஸ் சொல்வாள். அவர் அதை மறுத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஊரில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு விதிவிலக்கு, துப்பாக்கி கிளப்பில் பனி உருகும் காலத்தில் அவர் நடத்தும் வகுப்பு. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றித் தோட்டாவாக்குவது எப்படி என்ற வகுப்பு. அங்கே அவருக்கு வாத்தியார் என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார், நாளடைவில் அது பாதி மரியாதையாகவும் ஆகிவிட்டது.

அவருடைய போதனை ஒன்றே ஒன்று: ஒற்றை பிரஸ் என்கிற, மேஜையில் பொருத்தும் கைமெஷின். அதில் கைப்பிடியை ஒரு முறை இறக்கினால் ஒரு வேலைதான் நடக்கும். கூட்டின் அடியில் மருந்துக்குப் பொறி வைக்கும் பழைய பொட்டைத் தள்ளுவதற்கு ஓர் இறக்கம், புதுப் பொட்டைப் பதிப்பதற்கு ஓர் இறக்கம், குண்டை அமர்த்துவதற்கு ஓர் இறக்கம் என்று ஒரு தோட்டாவுக்கு மொத்தம் ஐந்து. சுழல் பிரஸ் அப்படியல்ல. அதன் வட்டத் தட்டு ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஓர் இடம் நகரும்; எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடந்து, முழுத் தோட்டா ஒன்று தொட்டியில் விழும்.

"அது தோட்டா செய்யல, சோளப்பொரி பொரிக்குது. அஞ்சு வேலைய ஒண்ணா பாக்குறவன் கண்ணு எதுல இருக்கும்? எதுலயும் இருக்காது" என்பார் ரெய்னோ.

உதாரணத்துக்கு அவருக்கு வெண்டல் ப்ரூயிட் இருந்தான். வெல்டிங் கடைக்காரன், கிளப்பின் சோம்பேறி, வருஷக்கணக்காகச் சுழல் பிரஸ் வைத்திருந்தவன். அவனுடைய கூடுகள் எல்லாவற்றின் விளிம்பிலும் அரைநிலா மாதிரி ஒரு சிறு வெட்டு இருக்கும். அதற்கு எலிக்கடி என்று பெயர் வைத்தவர் ரெய்னோ. ஞாயிற்றுக்கிழமைப் போட்டி முடிந்ததும் எல்லோரும் குனிந்து தத்தம் கூடுகளைப் பொறுக்குவார்கள். அடையாளத்துக்கு ஒவ்வொருவரும் கூட்டின் அடியில் மார்க்கரால் ஒரு நிறம் தீட்டியிருப்பார்கள். ரெய்னோவுடையது நேரான பச்சைக் கோடு. வெண்டல் எதையும் தீட்டுவதில்லை.

"எலி கடிச்சதெல்லாம் என்னுது. மிச்சத்த நீங்க பிரிச்சுக்குங்க" என்பான்.

ஒரு கொள்கை எத்தனை காலம் நிற்கும் என்பது பெரும்பாலும் தோள்பட்டையைப் பொறுத்தது. அந்தக் குளிர்காலத்தில் ரெய்னோவின் வலது தோள் மக்கர் செய்தது. கைப்பிடி இறக்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஒரு தோட்டாவுக்கு ஐந்து இறக்கமா, ஒன்றா என்ற கணக்கு அவர் மனதில் அதுவரை எழுந்ததே இல்லை. எழுந்தபின் அடங்கவில்லை.

பழைய சுழல் பிரஸ் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கம்ப்யூட்டரில் பார்த்தார். தெரிந்தவர் கண்ணில் படாத தூரம் என்பதற்காகவே விஸ்கான்சினுக்குள் வெகுதூரம் ஓட்டிப் போனார். விற்றவர் கோல்ஃபுக்கு மாறிவிட்ட ஒரு பல் டாக்டர். பிரஸ்ஸுக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார். பழைய மெஷின் வாங்கும்போது அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டும் என்று வகுப்பில் அழுத்திச் சொல்பவர் ரெய்னோ. அன்று ஒன்றும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதிலுக்கு விசாரிப்பார்களே.

வீட்டின் நிலவறையில், நீராவிக் குளியலுக்கான சானா அறைக்குப் பக்கத்து மேஜையில் அதைப் பிரித்துப் போட்டார். பழைய கிரீஸும் பொட்டுக் கரியும் சேர்ந்து தாராக இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழையது என்று நினைத்து மார்லிஸின் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். தட்டை நகர்த்தும் ஸ்பிரிங் தேய்ந்திருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தார். ஏன், எதற்கு, யாருடையது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் இலவசமாகவே அனுப்பிவிட்டார்கள். இத்தனை சுலபமாக ஒரு தவறுக்கு ஒத்தாசை கிடைத்தது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நிலவறையின் குளிரில் தட்டு சில சமயம் பாதி வழியில் நின்றுகொள்ளும். எங்கே, எப்படித் தட்டினால் நகரும் என்பதையும் பல நாள் முயன்று கண்டுபிடித்தார். தன் பிள்ளைகளின் பட்டமளிப்புக்குக்கூட அவர் அத்தனை பெருமைப்பட்டதில்லை.

முதலில் விழுந்த தோட்டா ஒவ்வொன்றிலும் குண்டு நேராக அமர்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு கைக்கு வந்ததை மட்டும் பார்த்தார். கடைசியில் அவை தொட்டியில் விழும் ஓசையே போதுமென்றாகிவிட்டது; அடியில் பச்சைக் கோட்டைக் கை பழக்கத்தில் தீட்டியது. மருந்தின் அளவை மட்டும் ஒவ்வொரு கூட்டிலும் எட்டிப் பார்த்தார் என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

"கீழ என்ன சத்தம் ரெய்னோ? முன்னாடி டொக்குன்னு ஒண்ணு கேக்கும், அப்புறம் நீ செத்துட்டியோன்னு பயமா இருக்கும். இப்ப தையல் மிஷின் மாதிரி ஓடுது" என்றாள் மார்லிஸ்.

"கிளப்புல சொல்லிடாத."

"எதைன்னு சொல்லு, அதைச் சொல்லாம இருக்கேன்."

பனி உருகியது. முதல் ஞாயிறு போட்டியில் ரெய்னோ நன்றாகவே சுட்டார். மறுவாரம் வகுப்பு. வழக்கம்போல், தரையில் கூட்டி அள்ளிய கூடுகள் நிறைந்த காபி டப்பாவை மேஜையில் வைத்தார். ஒற்றை பிரஸ்ஸின் பெருமையைச் சொல்லி முடித்து, டப்பாவுக்குள் கையை விட்டு, விரலாலேயே தடவி ஒரு எலிக்கடியைத் தேடி எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இது வெண்டலோட கூடு. சுழல் பிரஸ் வேலை. இந்த வெட்டைப் பாருங்க. தன் கையில என்ன நடக்குதுன்னே பாக்காதவன் செஞ்சது."

கடைசி வரிசையில் வெண்டல் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். பாடம் கேட்க அல்ல, இலவசக் காபிக்காக வருபவன். "அது என்னுது இல்ல வாத்தியாரே. அந்த பிரஸ்ஸ போன கோடையிலயே வித்துத் தள்ளிட்டேன். இப்ப கடைத் தோட்டாதான்."

"அப்ப பழைய கூடா இருக்கும்."

முன்வரிசையில் டானிட்டா என்ற நர்ஸ், அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள், கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "பளபளன்னு இருக்கே சார். அடியில பச்சையா ஒரு கோடு வேற போட்டிருக்கு. அது எதுக்கு?"

ரெய்னோ கூட்டைத் திருப்பிப் பார்த்தார். கோடு நேராக இருந்தது.

"யாருக்கு வித்த?" என்று வெண்டலைக் கேட்டார்.

"விஸ்கான்சின்காரன் ஒருத்தன். பல் டாக்டர்."

ரெய்னோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "என் மார்க்கர யாரோ எடுத்திருக்காங்க" என்றார்.

"இருக்கும், இருக்கும்" என்றான் வெண்டல். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாவம் அந்த டாக்டர். குளிர்ல அந்தத் தட்டு பாதியில நின்னு உயிர வாங்கும். வலது பக்கம் ஓங்கி ஒரு குத்து விட்டாத்தான் நகரும்."

"வலது பக்கம் குத்தினா தண்டு வளைஞ்சிடும்டா மடையா. இடது பக்கம், உள்ளங்கையால, லேசா" என்றார் ரெய்னோ.

பொய்யை அவரால் காப்பாற்றியிருக்க முடியும். தன் மெஷினைப் பற்றிய தப்பான பேச்சைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நீலப் பெயின்ட் நீ அடிச்சியா, டாக்டரா?" என்று மெல்லக் கேட்டான் வெண்டல்.

"டாக்டர்."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் தொடர்ந்தார்கள். டானிட்டாவுக்கு மட்டும் சிரிப்பு புரியவில்லை. "அந்த வெட்டு ஆபத்தா சார்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எலிக்கடி என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

"இல்ல. ஒண்ணும் ஆகாது. பாக்காம செஞ்சதுக்கு அடையாளம், அவ்வளவுதான்" என்றார் ரெய்னோ.

"யாரு பாக்காம?"

அவர் கூட்டை மேஜையில் நிமிர்த்தி வைத்தார். "நான்தான்" என்றார்.

வகுப்பை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. வேறு யாருக்கும் அதை நடத்தப் பொறுமை கிடையாது என்பதே காரணமாக இருக்கலாம். ஒற்றை பிரஸ்ஸைத்தான் இன்னமும் போதிக்கிறார், குரல் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. அந்த வெட்டுக்குக் காரணமான, சுழல் தட்டின் ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவி எடுத்திருக்கலாம். ஏனோ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடு பொறுக்கும்போது பச்சைக் கோடும் எலிக்கடியும் சேர்ந்த கூடுகளை வெண்டல் தனியாகக் குவித்து வைக்கிறான்.

"கோடு உன்னுது வாத்தியாரே, கடி என்னுது. எப்படிப் பிரிக்கலாம்?"

"அள்ளி என் டப்பாவுல போடு" என்கிறார் ரெய்னோ.