ஓர் ஆங்கில வார்த்தைகூட இல்லாத மொழி

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் கடைசி வரி இப்படி இருந்தது: நல்ல ஆங்கில அறிவு அவசியம். தமிழ் வழியில் படித்தவர்கள் வர வேண்டாம் என்று நேராகவே எழுதியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. சுற்றி வளைத்துச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். இறங்கும்போது நான் காலையில் எந்த நிறப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன் என்பது எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அந்த வருடம் ஆலைக்குக் கணினி வந்தது. ஆய்வுக்கூடக் கணக்குகளைப் போட அதில் உட்கார ஒரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் வகுப்பு, முடிவில் ஒரு பரீட்சை. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள், முதல் வகுப்பு, ஆனால் தமிழில் படித்து வாங்கியது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். வகுப்புக்கு எடுத்தது நான்கு பேரை. நான்கு பேரும் திருச்சியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த ஆண்பிள்ளைகள்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த பயிற்சி அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, இது கம்ப்யூட்டர் லாங்க்வேஜ். இங்கிலீஷ் சரளமா வரலைன்னா கிட்டவே போக முடியாது. உங்களுக்கு வேற வேலை தரேன், ரிஜிஸ்டரை எடுத்துட்டு வந்து நம்பரை மட்டும் படிங்க. எண்ணு படிக்கத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். வேறென்ன சொல்வது?

கணினி அறையில் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசு ஆகாதாம். அதிகாரி மட்டும் பூட்ஸோடு நடப்பார். அவர் பூட்ஸில் அரியலூர்ப் புழுதி ஒட்டாது போலிருக்கிறது. கடைசி பெஞ்சில் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுத்த மொழியின் பெயர் ஏபிஎல். எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போடுவதில்லை, ஒரு முழு அட்டவணையையே கையில் எடுத்துக்கொள்ளும். அவர் பலகையில் எழுதிய முதல் வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்புக்குறி, வட்டம், முக்கோணம், சாய்கோடு, பெருக்கல் குறி, இரண்டொரு கிரேக்க எழுத்து. அவ்வளவுதான். ஓர் ஆங்கில வார்த்தைகூட இல்லை! கூட்டல் குறியும் சாய்கோடும் சேர்ந்தால் மொத்தம். இதைப் புரிந்துகொள்ளவா இங்கிலீஷ் பள்ளிக்கூடம்?

மூன்று பெருக்கல் இரண்டு கூட்டல் நான்கு என்று அடித்தார். நான்கு பேரும் பத்து என்றார்கள். திரையில் வந்தது பதினெட்டு. பெருக்கல்தான் முதலில் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இந்த மொழி சட்டை செய்யாது. வலது கோடியிலிருந்து வரும், முதலில் இரண்டையும் நான்கையும் கூட்டும், பிறகுதான் மூன்றால் பெருக்கும். நால்வரும் இரண்டு நாள் இதிலேயே தடுமாறினார்கள். எனக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

நான்காம் நாள் நிஜக் கணக்கு. எங்கள் ரிஜிஸ்டரில் நான்கு வரிசை: சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, இரும்பு. ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று பத்தி. ஒவ்வொரு ஷிப்டுக்காரரும் தன் பத்தியை மேலிருந்து கீழாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார். அதனால் நாங்கள் படிப்பதும் அப்படித்தான், முதல் ஷிப்டை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம். அன்றும் அப்படியே படித்தேன். நால்வரில் இளையவர் பன்னிரண்டு எண்களையும் அடித்து, நான்கு வரிசை மூன்று பத்தி என்று வடிவம் கொடுத்தார். சுண்ணாம்பின் சராசரி என்ன என்று கேட்டால் இருபதைக்கூடத் தொடவில்லை. நாற்பத்து மூன்று சதவீதம் இருக்க வேண்டிய இடம். அந்தச் சுண்ணாம்பை வைத்துச் சிமெண்ட் செய்தால் கோழிக்கூடுகூட நிற்காது.

அதிகாரி இயந்திரத்தைப் பார்க்கவில்லை, இளையவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "எண்ணுகூட ஒழுங்கா படிக்க வராதா உங்களுக்கு?"

ரிஜிஸ்டரைப் பட்டென்று மூடினேன்.

"நான் சரியாத்தாங்க படிச்சேன். மெஷினு எண்ணை வரிசை வரிசையா, இடமிருந்து வலமா ரொப்புது. நாங்க மேலேர்ந்து கீழ எழுதுறோம். மூணு வரிசை நாலு பத்தின்னு குடுத்துட்டு, அப்பறம் அட்டவணையத் திருப்பிப் போடுங்க, சரியாயிடும்."

"நடுவுல பேசாதீங்க."

பேசவில்லை. எழுந்து இயந்திரத்திடம் போனேன். இளையவர் தானாகவே நகர்ந்து இடம் விட்டார். நின்றபடியே வடிவத்தை மாற்றினேன். வட்டத்தை அடித்து, ஓரிடம் பின்னால் வந்து, அதன்மேலேயே எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டை அடித்தேன். முந்தின நாள் அவர் பலகையில் எழுதிக் காட்டிய, அட்டவணையைப் புரட்டிப் போடும் குறி அது. சராசரி கேட்டேன். நாற்பத்து மூன்று சொச்சம்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ தர்மம் செய்கிற குரலில், "சரி, பரீட்சை எழுதிப் பாருங்க" என்றார்.

எழுதினேன். இயந்திரத்தில் செய்ய வேண்டிய பத்துக் கணக்கும் சரி. தாளில் பத்து வரிகள் கொடுத்து ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லியிருந்தார்கள். நான் தமிழில் விளக்கினேன். தெளிவாக, ஒரு குழந்தைக்கும் புரிகிற மாதிரி. தாள் திரும்பி வந்தபோது பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக்கோடு. மதிப்பெண் பூஜ்யம். படித்துவிட்டுத் தப்பு என்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் படிக்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

வேலை இளையவருக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை காலை அவர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். நல்ல பிள்ளைதான், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அக்கா, இந்த வரி என்ன பண்ணுதுன்னே புரியலக்கா. ரிப்போர்ட் பத்து மணிக்குள்ள போவணும். கொஞ்சம் சொல்லுங்களேன்."

"இங்கிலீஷ்லயா சொல்லணும்?"

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. "தமிழ்லயே சொல்லுங்கக்கா. அப்பத்தான் வெளங்குது."

எழுந்து, அவர் பின்னாலேயே கணினி அறைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. அவர் வழக்கம்போல் உட்காரப் போனார்.

"தம்பி, நீங்க நில்லுங்க. நான் ஒக்காந்துதான் சொல்லுவேன்."

உட்கார்ந்தேன். வரியை வலது கோடியிலிருந்து ஒவ்வொரு குறியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொண்டார். பாதி வரிதான் தாண்டியிருப்போம், கதவு திறந்தது. மெட்ராஸுக்கு இன்னும் கிளம்பியிராத அதிகாரி. நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தார், என் காலில் இருந்த செருப்பையும் பார்த்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. மீதி வரியையும் சொல்லி முடித்தேன், தமிழில்.