நானூற்றைம்பது மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு உருண்டை சந்தனம்

கணேஷ்ராம் தன் வாழ்க்கையில் உறுதியாக எடுத்த முடிவு ஒன்றுதான்: மலைமேல் போய்ப் பொங்கல் கிண்டுவதில்லை.

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கும் முறை அவன் குடும்பத்துக்கு உண்டு. அப்பா சந்திரமௌலி இருட்டு பிரிவதற்குள் படியேறிப் போய், உச்சி வேளைக்கு மேல் புகையும் நெய்யும் கலந்த வாசனையோடு இறங்கி வருவார். கையில் வாழையிலையில் மடித்த ஒரு உருண்டை சந்தனம் இருக்கும். முறை பார்த்தவர் வீட்டுக்கு அன்றன்றைக்கு வருவது அது. தலைவலி, வேர்க்குரு, காய்ச்சல், மாமியார் மருமகள் மனஸ்தாபம் எதுவானாலும் அந்த வீட்டில் முதல் மருந்து நெற்றியில் ஒரு தீற்றல் சந்தனம்தான்.

கணேஷ்ராமுக்கு அடுப்புப் புகை ஆகாது. பி.காம். முடித்தான். மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்து கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றையும் முடித்து, 1999-இல் ஸ்டேஷன் ரோட்டில் கடை போட்டான். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, கம்ப்யூட்டர் ஜாதகம். மூன்றுக்கும் முகூர்த்த மாதங்களில்தான் ஆள் வந்தது. மற்ற மாதங்களில் அவனும் டேபிள் ஃபேனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவின் முழங்கால்கள் அந்த வருஷம் கைவிட்டன.

"ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன்" என்றார் அவர். "உன் கடை வருஷம் பூரா சோறு போடும்னு காட்டு. முறையை ஷண்முகசுந்தரத்துக்கு விட்டுக் கொடுத்துடறேன். இல்லேன்னா நீ ஏறு. முறையும் போய் கடையும் படுத்துடுத்துன்னா குடும்பம் எங்க போய் நிக்கும்?"

ஷண்முகசுந்தரம் சித்தப்பா பிள்ளை. மடப்பள்ளிக்காகவே பிறந்தவன் மாதிரி தோள். கரண்டியைக் கண்டால் கை பரபரக்கும். ஆக, ஏறவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கீழேயும், ஏறமாட்டேன் என்கிறவன் படியின் விளிம்பிலும் நின்றார்கள். முருகன் இப்படித்தான் ஆட்களை நிறுத்துவது.

அப்போதுதான் அம்மையார்குப்பத்து ராஜமாணிக்கம் கடைக்குள் நுழைந்தார். சொந்தமாக விசைத்தறிகள் வைத்திருந்தவர். சேலைக் கரைக்கு டிசைன் போடும் ஆள், கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கொடுப்பதற்குள் தீபாவளியே வந்துவிடுகிறது என்பது அவர் குறை.

"கம்ப்யூட்டர்ல ஒரு பூவு போட்டா, சேலை பூரா அதுவே போட்டுக்குமாமே, சாமி?"

போட்டுக்கொண்டது. ஆனால் அதற்கு வேண்டிய நேரத்தையும் எடுத்துக்கொண்டது. திரையின் மேல் விளிம்பில் தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கோடு இறங்கி வருவதற்குள் ராஜமாணிக்கம் வெளியே போய் டீ குடித்து, ஆர்.கே.பேட்டை பஸ் இரண்டை விட்டுவிட்டு வந்தார். இன்னும் முந்தானை வரவில்லை.

"எங்க ஊட்டுக்காரி கட்டிகினு வரதே இத்தவிட சுருக்கா கட்டிகினு வருவா" என்றார். "வேகமா ஆவும்னா சொல்லு. வருஷம் பூரா டிசைன் உங்கிட்டயே குடுத்துர்றேன். அடுத்த வெள்ளிக்கிழம வரேன்."

வருஷம் பூரா. அப்பா கேட்ட அதே வார்த்தை.

வேறு கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் ஒரு வழி போட்டிருந்தார்கள். பிராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டில் 'ஃப்ரன்ட் சைடு பஸ்' என்று ஒரு பாதை; அதன் துடிப்பு அறுபத்தாறு. பிராசசர் அதை நாலரையால் பெருக்கி முன்னூறில் ஓடும். நாலரையில் கை வைக்க முடியாது. செய்தவர்களே பூட்டி அனுப்பிவிட்டார்கள். துடிப்பில் வைக்கலாம். போர்டில் உள்ள சின்ன ஜம்பர் ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்து ஊசியில் செருகினால் அறுபத்தாறு நூறாகும், முன்னூறு நானூற்றைம்பதாகும். சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக். செலவு, ஒரு பெருமூச்சு.

"எந்த பஸ்ஸை வேகமா விடப்போறேள்?" என்றாள் அவன் மனைவி காமேஸ்வரி. "ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸையா?"

செருகினான். ஓடியது. சேலை சரசரவென்று இறங்கியது. அரை மணி கழித்து அப்படியே உறைந்தது. மவுஸ் நகரவில்லை. பிராசசர் மேலிருந்த அலுமினியத் துண்டைத் தொட்டவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான். தோசைக்கல் தோற்றது.

பத்திரிகை அதற்கும் பதில் சொன்னது. பிராசசருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு களிம்பு மெல்லிசாகப் பூசியிருக்க வேண்டும். சூடு அதன் வழியாகத்தான் வெளியேறும். பழைய களிம்பைக் கணேஷ்ராம், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, அதற்கு முந்தின வாரமே சுரண்டித் துடைத்திருந்தான். சென்னையில் விசாரித்ததில், அந்தக் களிம்பைத் தனியாக யார் கேட்பார்கள் என்று கடைக்காரர் சிரித்தார்.

வழவழவென்று இருக்க வேண்டும். மெல்லிசாகப் பரவ வேண்டும். சூட்டை இழுக்க வேண்டும். கணேஷ்ராம் பூஜை அலமாரியைப் பார்த்தான்.

வேறெந்த ஊரிலும் ஒருவனுக்கு இது தோன்றியிருக்காது. மடப்பள்ளி வீட்டுப் பிள்ளைக்கு, சூடு என்றால் சந்தனம் என்பது ரத்தத்திலேயே இருந்தது. அப்பா கொண்டுவந்த உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து, பிராசசரின் முதுகில் நெற்றிக்கு இடுவது போலவே இட்டு, அலுமினியத்தைப் பொருத்தினான். கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நாள் முழுக்க ஓடியது. அதுவும் நானூற்றைம்பதில்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. உள்ளே சூடு ஏற ஏற, திறந்திருந்த பெட்டியிலிருந்து சந்தன வாசனை கிளம்பிக் கடையை நிறைத்தது. பயோடேட்டா அடிக்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பிற்பகல் நின்றது. திறந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து ஏரி மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஈரம் இருக்கிறவரைதான் அது சூட்டை இழுக்கும். புதிதாக இட்டான், ஓடியது. இரண்டொரு நாளில் அவனுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. வாசனை எழுந்தால் நலம். குறைய ஆரம்பித்தால் செய்த வேலையை சேவ் செய்துவிட்டு மெஷினை நிறுத்த வேண்டும். பொங்கல் அடிபிடிக்கப் போவதை அப்பா மூடியைத் திறக்காமலே மோந்து சொல்வாரே, அதே வித்தை. அது எங்கிருந்து வந்தது என்று கணேஷ்ராம் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சந்தனம் வரவில்லை.

அப்பாவின் கால் வீங்கிவிட்டதால் முந்தின நாளும் அன்றும் ஷண்முகசுந்தரம் முறை பார்த்தான். முறை பார்த்தவர் வீட்டுக்குத்தானே சந்தனம்.

"போய் அவனைக் கேளுங்கோ" என்றாள் காமேஸ்வரி.

"என்னன்னு கேக்கறது? கம்ப்யூட்டருக்கு ஜுரம்னா?"

"நெஜத்தைச் சொன்னா சிரிப்பான். சிரிச்சுட்டுக் கொடுப்பான்."

கணேஷ்ராம் கேட்கவில்லை. சன்னிதித் தெருவில் ஒரு பாக்கெட் சந்தனத்தூள் வாங்கி, பன்னீரில் குழைத்து இட்டான். அதில் சந்தனத்தைவிட மரத்தூள் அதிகம் என்று விரலுக்கே தெரிந்தது. விரல் சொன்னதை மனசு கேட்கவில்லை.

ராஜமாணிக்கம் வந்து உட்கார்ந்தார். மாங்காய்க் கரை கேட்டார். ஒரு மாங்காயைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். கரை மளமளவென்று இறங்கியது.

"ஆங், இப்ப எப்படி கீது பாரு. என்னா சாமி பண்ண?"

கணேஷ்ராம் உற்சாகத்தில் பஸ், துடிப்பு, பெருக்கல் எல்லாம் சொன்னான்.

"புல்லி மாத்திக்கினன்னு சொல்லு" என்றார் ராஜமாணிக்கம். "தறி மோட்டாருக்குப் பெரிய புல்லி போட்டா அதே தறி வேகமா ஓடும். நாங்களும் பண்றதுதான். என்னா, நூலு அறுத்துக்கும்."

அறுத்துக்கொண்டது. பாதிச் சேலையில் திரை உறைந்தது. மாங்காய்கள் இடுப்பளவில் நின்றன. பெட்டியிலிருந்து ஊதுவத்தி கருகின மாதிரி ஒரு நாற்றம்.

"இத்தோட நிக்குதே சாமி. முந்தானி இல்லாம எவ கட்டுவா?"

கணேஷ்ராம் பெட்டியைத் தன்பக்கம் திருப்பி, அலுமினியத்தைக் கழற்றினான். ராஜமாணிக்கம் எட்டிப் பார்த்தார். பிராசசரின் மேல் மஞ்சளாகக் கருகிய ஒரு பொட்டு.

"இன்னா இது? சந்தனமா?"

மறைக்க இடமில்லை. மலையிலிருந்து வருகிற சந்தனம் இட்டால் நாள் பூரா ஓடும், இன்று கிடைக்காமல் கடைச் சந்தனம் இட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவே தான் பானை சுமந்து நிற்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மதர்போர்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தணிகை முருகன் சந்தனத்துல ஓட்ற மிசினு. அதுங்கிட்ட போயி கடச் சந்தனத்த காட்னா நிக்காம இன்னா செய்யும்?"

"அண்ணே, அப்படியில்லை. இது ஈரம் சம்பந்தப்பட்டது. ஜம்பரைப் பழையபடி வெச்சுட்டா சந்தனமே வேண்டாம். கொஞ்சம் மெதுவா ஓடும். நிக்காது."

"அது எனுக்கு எதுக்கு? வெறும் கம்ப்யூட்டரு எல்லா ஊர்லயும்தான் கீது. சந்தனம் பூசின கம்ப்யூட்டரு எங்க கீது?" அவர் எழுந்தார். "எங்க கரைக்கு இனிமே தணிகைச் சந்தனக் கரைன்னு பேரு. வருஷம் பூரா உனுக்குதான் வேல. ஒண்ணே ஒண்ணு. தினம் மலைச் சந்தனம் பூசணும். நான் எப்ப வேணா வந்து மோந்து பாப்பேன்."

கணேஷ்ராம் ஜெயித்துவிட்டான். கடை வருஷம் பூரா சோறு போடும். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னான். அவர் முழங்காலை நீவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. அப்போ முறையை ஷண்முகசுந்தரத்துக்கு விட்டுடலாம்" என்றார்.

"வேண்டாம்" என்றான் கணேஷ்ராம். "நானே ஏறறேன்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். காமேஸ்வரி மட்டும் அடுக்களைக்குள் போனாள். உள்ளே வெகு நேரம் அவள் இருமுவது போல் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு மடப்பள்ளியில் கணேஷ்ராம்தான் நின்றான். பிறகு தினமும். விடியலில் புகை, பகலில் சந்தன உருண்டை, அதன்பின் நானூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ். முறை கிடைக்காத ஷண்முகசுந்தரம் சும்மா இருக்க முடியாமல், ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் சேர்ந்தான். எதையும் வேகப்படுத்தவில்லை; சொல்லிக்கொடுத்ததை மட்டும் செய்தான். இரண்டாயிரத்து மூன்றில் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டான். அங்கே அவன் செய்யும் பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்தில் நல்ல பேராம்.

முதல் தடவை லீவில் வந்தபோது ஒரு சின்ன சிரிஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே சாம்பல் நிறக் களிம்பு.

"இதைப் போடுண்ணா. வருஷக்கணக்கா காயாது. தினம் சந்தனம் வேண்டாம்."

கணேஷ்ராம் போட்டான். கம்ப்யூட்டர் எப்போதும் இல்லாத அமைதியோடு ஓடியது. சூடில்லை, நிற்கவில்லை, வாசனையும் இல்லை. மறுநாள் விடியலில் முறையை ஷண்முகசுந்தரத்திடம் விட்டுவிட்டு அவன் எழுந்திருக்காமல் படுத்திருந்தான். எத்தனையோ வருஷம் கழித்து.

பிற்பகல் மூன்று மணிக்கு ராஜமாணிக்கம் கடை வாசலில் செருப்பை விட்டார். உள்ளே காலை வைத்தவர் நின்று, மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா சாமி" என்றார், "இன்னிக்கு மலைக்குப் போவலியா?"

கணேஷ்ராம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.